முக்கால் கிலோ குளிர்

எனக்கு வியர்க்காது. பிறந்ததிலிருந்தே உடம்பில் அதற்கான சுரப்பி கிடையாது. இதைச் சொன்னால், சித்திரை வெயிலில் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறவர்கள், "குடுத்து வெச்சவ" என்பார்கள். பிடித்து ஓர் அறை விடலாம் போலிருக்கும். வியர்த்தால்தான் உடம்பு ஆறும். ஆறாத உடம்பு சூடேறிக்கொண்டே போகும். கண் இருட்டும், வலிப்பு வரும். சின்ன வயதில் திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் எனக்கு அப்படி வந்து, வண்டியை நிறுத்தி வழியிலிருந்த பம்புசெட் தொட்டியில் முக்கி எடுத்தார்களாம். அதற்குப் பிறகுதான் அம்மா மலைக்கு மாற்றல் கேட்டு வாங்கினாள்.

அம்மா அரசாங்க நர்ஸ். ஜவ்வாது மலைக்கு மாற்றல் என்பது மற்ற நர்சுகளுக்குத் தண்டனை. விரும்பிக் கேட்டு ஏறி வந்தவள் என் அம்மாதான். ஜமுனாமரத்தூரில் சுகாதார நிலையத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஓட்டு வீடு. அப்பா ஜீப் ஓட்டினார். சந்தைக்கு வருகிற சனங்களையும் புளி மூட்டைகளையும் ஏற்றி இறக்குகிற ஜீப். அடிவாரத்துச் சொந்தக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் என் பேரைச் சொல்லி உருகுவார்கள். எனக்கு வேண்டியிருந்தது உருக்கம் இல்லை, குளிர். அதை மலை கொடுத்தது. மத்தியானத்தில் மட்டும் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் மற்ற பிள்ளைகளைப் போலவே இருந்தேன். அதே குறையால் பல்தான் பாதி முளைக்கவில்லை. கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொள்ளக்கூட வழியில்லை, வாய்விட்டுத்தான் திட்ட வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் பத்தாம் வகுப்புக்கு வந்தேன். எங்கள் மலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அரசுப் பரீட்சையைக் கீழே போளூருக்கு இறங்கிப்போய்த்தான் எழுத வேண்டும். அதுவும் வெயில் ஏறுகிற மாதத்தில். தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மிகவும் அன்பாக, "உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு? உடம்பப் பாத்துக்கினு வூட்ல இரு. பரீட்சை எழுதி இன்னா கலெக்டரா ஆவப் போற?" என்றார்.

"ஆவறேனா இல்லியான்னு எழுதினாத்தான சார் தெரியும்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை எழுத வைத்தது என்று இன்றைக்கும் சொல்வேன். படிப்பின் மேல் அப்படியொன்றும் எனக்கு ஆசை வழியவில்லை. என்னால் முடியாது என்று இன்னொருத்தர் முடிவு பண்ணுவதுதான் பொறுக்கவில்லை.

போளூர் வெயிலுக்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். வேலூரில் ஒரு லாட்ஜ் முதலாளி கழித்துக்கட்டிய அம்பாசடர் கார் ஒன்றை வாங்கி மலைக்கு ஓட்டி வந்தார். அதில் முதலாளி ஏசி மாட்டி வைத்திருந்தார். ஊரே வந்து சுற்றி நின்று சிரித்தது. "மலையே ஏசி, இதுக்குள்ள இன்னாத்துக்கு இன்னோர் ஏசி?" என்று டீக்கடையில் அப்பாவை ஓட்டி எடுத்தார்கள். அப்பா அவர்களுக்கும் சேர்த்து டீ சொன்னார்.

சிரிப்பதற்கு அவர்களுக்குக் காரணம் குறையவில்லை. கொண்டைஊசி வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி ஏசியின் குழாய் இணைப்புகள் தளர்ந்துபோகும். குளிர வைக்கிற கேஸ் எல்லாம் சத்தமில்லாமல் வெளியேறிவிடும். வேலூருக்கு ஓட்டிப்போய் நிரப்பி வந்தால் மலை ஏறி முடிப்பதற்குள் பாதி போயிருக்கும். கடைசியில் அந்த மெக்கானிக் கை விரித்துவிட்டார். "வண்டிய மலை மேல கொண்டும்போவாதீங்க" என்றார். நாங்கள் இருப்பதே மலை மேல்தான் என்றால், "அப்ப ஏசிய மறந்துடுங்க" என்றார். அப்பா அவரிடமே ஒரு சின்ன சிலிண்டரில் கேஸ் வாங்கிக்கொண்டார். பழைய பிரிட்ஜிலிருந்து கழற்றிய கம்ப்ரசர் ஒன்றும், இரண்டு ஹோசும் வாங்கினார். "வூட்லயே போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். "வூட்ல போடறதுக்கு இது இன்னா கறிக்கொழம்பா?" என்று அந்த ஆள் கேட்டாராம்.

கறிக்குழம்பு அளவுக்குக் கஷ்டம் இல்லை என்பதுதான் உண்மை. முதலில் ஓட்டை எங்கே என்று பார்க்க வேண்டும். அம்மா பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை அடித்தாள். மலையில் சோப்பை விட அதுதான் மலிவு, நுரையும் கெட்டியாக நிற்கும். கொஞ்சம் கேஸை உள்ளே விட்டு, இணைப்புகளில் எல்லாம் நுரையைப் பூசினோம். எங்கே ஊதி உப்புகிறதோ அங்கே ஓட்டை. அப்பா அந்த ஹோசை மாற்றி, மற்ற எல்லாவற்றையும் இறுக்கினார். பிறகு பிரிட்ஜ் கம்ப்ரசரைத் தலைகீழ் வேலைக்குப் போட்டு, குழாய்களுக்குள் இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வெளியேற்றினோம். சிலிண்டரை மாட்டும்போது ஹோசுக்குள் கொஞ்சம் காற்று மாட்டிக்கொள்ளும். அதை என்ன செய்வது என்று அப்பா யோசிக்க, அம்மா ஹோசின் முனையை லேசாகத் தளர்த்தி, கேஸை ஒரு சீறல் விட்டு, உடனே இறுக்கினாள். "ஊசி போடறதுக்கு முன்னாடி சிரிஞ்சில காத்த தள்ள மாட்டோம்? அதான்" என்றாள்.

மிச்சம் இருந்தது அளவு. கேஸின் அழுத்தத்தைப் பார்க்கிற மீட்டர் எங்களிடம் இல்லை. கம்ப்ரசர் பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டில் முக்கால் கிலோ என்று போட்டிருந்தது. சிலிண்டரைத் தராசில் தொங்கவிட்டு, அதிலிருந்து முக்கால் கிலோ குறையும்வரை கேஸை உள்ளே விட்டால் கணக்கு சரி. சுகாதார நிலையத்தில் குழந்தைகளை எடை பார்க்கும் தராசு இருந்தது. அம்மா அதைத் தொடவிடவில்லை. "புள்ளைங்கள வெக்கற எடத்துல எண்ணெக் கறையோட இரும்ப வெப்பாங்களா?" என்றாள். அதனால் அப்பா புளி மண்டிக்குப் போனார்.

மண்டிக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தை நாளில் மலைக்காரர்கள் தலைச்சுமையாகக் கொண்டுவருகிற புளி, கடுகு, தேன் எல்லாவற்றையும் எடை போட்டு வாங்குகிறவர் அவர். சொந்த ஊர் போளூர். பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்துக் கமிட்டியிலும் இருந்தார். எங்கள் கார் அந்தக் காம்பவுண்டுக்குள் வந்து, பரீட்சை அறைக்குப் பக்கத்தில் இருந்த வேப்பமரத்தடியில், எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்கலாம் என்று அனுமதி வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். மணி அடிக்கிற வரைக்கும் நான் குளிரில் உட்கார்ந்திருக்கலாம், எழுதி முடித்ததும் நாலு எட்டில் குளிருக்குள் திரும்பலாம். அந்த அனுமதி இல்லாவிட்டால் கேட்டிலிருந்து அறைவரை மரமே இல்லாத பெரிய மைதானத்தைக் கடக்க வேண்டும். அம்மா ஒவ்வொரு நாளும் அவருக்காக ஜெபித்தாள்.

அன்றைக்கு அவர் ஊரில் இல்லை. அவர் மனைவிக்குப் பிரசவம் பார்த்தது அம்மாதான். அந்த அம்மாள் மண்டியைத் திறந்து, புளி வாங்கும் இடத்தில் தொங்கிய தராசையும் எடைக்கற்களையும் பெட்டியோடு எடுத்துக் கொடுத்தார்.

முருங்கைக் கிளையில் தராசைக் கட்டினோம். ஒரு பக்கம் சிலிண்டர், மறுபக்கம் கற்கள். சமன் ஆனதும் முக்கால் கிலோவுக்கான கற்களை எடுத்துவிட்டோம். அப்பா காருக்குள் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தார். அம்மா சிலிண்டரின் திருகைப் பிடித்துக்கொண்டாள். குழாயில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண்ணாடி வட்டம் இருக்கும், உள்ளே ஓடுகிற கேஸ் அதில் தெரியும். அதைப் பார்ப்பது என் வேலை. முதலில் வெள்ளை நுரையாக ஓடியது. பிறகு குமிழியாக ஓடியது. பிறகு குமிழி நின்று, கண்ணாடி தெளிந்துவிட்டது.

"போதும்ப்பா, நெறஞ்சிடுச்சி" என்றேன்.

அப்பா தராசைப் பார்த்தார். சிலிண்டர் இன்னும் தாழ்ந்தே இருந்தது. "இன்னும் போவணும். தராசு காட்டுது பாரு."

நான் பார்த்தது கண்ணாடி. அவர் பார்த்தது தராசு. தராசுக்கே மரியாதை கிடைத்தது. தட்டுகள் சமன் ஆகும்வரை ஏற்றினோம். காருக்குள் ஏறி உட்கார்ந்தால் ஜில்லென்று அடித்தது. அப்பா டீக்கடை வரைக்கும் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஹால் டிக்கெட் வாங்குவதற்காக மூன்று பேரும் போளூருக்கு இறங்கினோம். சரிவில் இறங்குகிறவரை நன்றாக இருந்தது. அடிவாரத்தைத் தாண்டி வெயில் சுட ஆரம்பித்ததும் கம்ப்ரசர் முக்கித் திணறியது, பெல்ட் கீச்சிட்டது. ரப்பர் கருகுகிற நாற்றம். ஏசியிலிருந்து வெந்நீர் அண்டாவைத் திறந்த மாதிரி காற்று வந்தது. எனக்குக் காது அடைத்தது. அம்மா குடத்துத் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தாள். அப்பா வண்டியைத் திருப்பினார். மேலே வந்து சேரும்வரை நான் அம்மாவின் மடியில் முனகிக்கொண்டு கிடந்தேனாம். நினைவு வந்தபோது அப்பா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"வேணாம்மா. உசுரு இருந்தா போதும்."

"எனக்குப் போதாது" என்றேன்.

அப்பாவிடம் அப்படிப் பேசியதற்கு அம்மா முறைத்தாள். நான் நிறுத்தவில்லை. கேஸ் கசிந்து குறைந்திருந்தால் கண்ணாடியில் குமிழி ஓட வேண்டும், போய்ப் பாருங்கள் என்றேன். போய்ப் பார்த்தார்கள். ஒரு குமிழி இல்லை. நுரை பூசியும் பார்த்தார்கள். எங்கும் ஊதவில்லை. அப்படியானால் உள்ளே இருப்பது குறைவு இல்லை, அதிகம். குளிர்ந்த மலையில் தாக்குப்பிடித்தது, கீழே வெயிலில் திணறிவிட்டது. முக்கால் கிலோதானே ஏற்றினோம் என்று அப்பா தலையைச் சொறிந்தார். அம்மா மண்டிக்காரரின் ஐந்து கிலோ கல்லைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள். அதைக் கழுவித் துடைத்து, குழந்தைத் தராசில் வைத்தாள். முள் ஐந்தைத் தாண்டியது. ஆறுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

மற்ற கற்களையும் வைத்துப் பார்த்தோம். ஒன்றுகூட ஒழுங்கில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் துளை போட்டு, ஈயம் ஊற்றி, கறுப்புச் சாயம் அடித்திருந்தது. புளி வாங்குகிற கற்கள் அவை. ஐந்து கிலோ என்று சொல்லி ஆறு கிலோவை வாங்கிக்கொள்கிற கற்கள். எங்கள் ஏசிக்கும் அதே தாராளம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை. எத்தனை வருஷமாக அந்த மூட்டைகளை அவர் ஜீப்பில் ஏற்றியிருக்கிறார். "நெல்லிவாசல்லருந்து விடியறதுக்கு முன்னாடி கெளம்பி, புள்ளைய இடுப்புல வெச்சிக்கினு, தலையில சுமையோட வருவாளுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா கேட்டுக்குள்ள வண்டி போவணும்னா இந்த ஆளு தயவு வேணுமே" என்றார்.

அதுதான் விஷயம். வாயை மூடிக்கொண்டு கற்களைத் திருப்பிக் கொடுத்தால் வேப்பமரத்து நிழல். திறந்தால் மைதானம். பரீட்சை முடியும்வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னார். நியாயமான யோசனைதான். ஆனால் மறுநாள் சந்தை. அந்தச் சந்தையில் இந்தக் கற்களில் எடை போட்டு அவர் வாங்கப்போகிற புளியின் பாவம் என் நிழலுக்காக என்று எனக்குத் தெரிந்திருக்குமே. எனக்கு உடம்பு கொதித்தது, வெயிலே இல்லாமல்.

அம்மா தீர்த்துவைத்தாள். "ஒருத்தர்கிட்ட வாங்கினத எடை போட்டுத்தான் திருப்பிக் குடுக்கணும். நாளைக்கு எடை போட்டே குடுப்போம்."

அன்று மாலையே ஏசியிலிருந்த கேஸ் எல்லாவற்றையும் திறந்துவிட்டோம். அந்தக் கேஸ் வானத்து ஓசோனைக் கெடுக்கும் என்று பிற்காலத்தில் படித்தேன். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இந்த முறை குழந்தைத் தராசு. அம்மாவே பழைய போர்வையை விரித்துச் சிலிண்டரை வைத்தாள். கண்ணாடி தெளிந்ததும் முள்ளைப் பார்த்தோம். சரியாக முக்கால் கிலோ இறங்கியிருந்தது. கண்ணும் தராசும் முதல்முறையாக ஒத்துப்போயின.

மறுநாள் சந்தையில் மண்டிக்காரர் இன்னொரு தராசை மாட்டி எடை போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாங்க நர்சம்மா, ஏசி குளிருதா?" என்றார். அம்மா அவர் எதிரில் குழந்தைத் தராசை வைத்தாள். அவர் மனைவி கொடுத்த கல்லை அதில் வைத்தாள். பக்கத்தில் நின்றவர்களுக்கு முள்ளைக் காட்டினாள். அவர் அசரவில்லை. "இது பச்சப்புள்ள வெளையாட்டு சாமானு. இதுல போயி கல்ல வெச்சா?" என்று சிரித்தார். கூட்டத்தில் சிலர் சேர்ந்து சிரித்தார்கள்.

"அப்ப பச்சப்புள்ளயவே வைங்க" என்றேன் நான்.

முன்வரிசையில் புளிச் சுமையோடு நின்ற ஒருத்தி இடுப்பிலிருந்த பிள்ளையை இறக்கினாள். அன்று காலையில்தான் அம்மா அதற்கு எடை பார்த்திருந்தாள். ஆறு கிலோ. அவள் யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய், மண்டிக்காரர் எடை போட்டுக்கொண்டிருந்த தட்டிலேயே பிள்ளையை உட்கார வைத்தாள். மறு தட்டில் அவருடைய இன்னொரு ஐந்து கிலோ கல் இருந்தது. பிள்ளையின் தட்டு மேலே கீழே ஆடிவிட்டு, கல்லுக்குச் சமமாக நின்றது.

அவள் தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மண்டிக்காரரைப் பார்த்தாள். "காத்தால ஆறு கிலோன்னாங்க. இங்க அஞ்சாகீது. எம்புள்ளையில ஒரு கிலோ எங்கய்யா போச்சி?"

அதைக் கேட்டு எழுந்த சிரிப்பு சந்தையின் மறுகோடிவரை போனது. இந்த முறை யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. பெண்கள் சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நகர ஆரம்பித்தார்கள். அன்றைக்கு மண்டியில் புளி இறங்கவில்லை. மண்டிக்காரர் என்னை மட்டும் பார்த்தார். அன்று மத்தியானம் அப்பா மட்டும் ஜீப்பில் போளூருக்கு இறங்கிப்போய் என் ஹால் டிக்கெட்டை வாங்கி வந்தார்.

அடுத்த நாள் முதல் பரீட்சை. இறங்கும்போது ஏசி பனி மாதிரி அடித்தது. போளூர் வெயிலில் வெளியே தார் இளகிக்கொண்டிருந்தது. உள்ளே நான் போர்வைக்குள் உட்கார்ந்து செய்யுள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக் கேட் சாத்தியிருந்தது. வாட்ச்மேன் கையை விரித்தார். அவருக்குப் பின்னால், குடை பிடித்துக்கொண்டு மண்டிக்காரர் நின்றிருந்தார்.

கார் ஜன்னல்வரை வந்தார். குனிந்து, அப்பாவிடம் இல்லை, என்னிடம் பேசினார். "பாப்பா, நான் ஒண்ணும் பெருசா கேக்கல. அந்த ஆஸ்பத்திரித் தராசு ரிப்பேருன்னு உங்கம்மா அடுத்த சந்தையில ஒரு வார்த்த சொன்னா போதும். இப்பவே கேட்டத் தெறக்கச் சொல்றேன். உன் நல்லதுக்குத்தான்."

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. சரி என்று நான் சொல்லியிருந்தால் அவர் ஆட்சேபித்திருக்கமாட்டார். அம்மாவும் என்னைத்தான் பார்த்தாள். முடிவை என்னிடமே விட்டுவிட்டார்கள்.

"தராசு ரிப்பேர் இல்லீங்க" என்றேன்.

கதவைத் திறந்து இறங்கினேன். அம்மா வாளியிலிருந்த பருத்திப் புடவையை அப்படியே சொட்டச் சொட்ட என் தலையோடு போர்த்தினாள். இடுப்பில் இன்னொரு துணி, கையில் தண்ணீர்ச் செம்பு, பேனாவும் ஹால் டிக்கெட்டும் பிளாஸ்டிக் பைக்குள். கேட்டின் சின்னக் கதவு வழியாக மைதானத்தில் கால் வைத்தேன். செருப்பை மீறி மண் சுட்டது. பாதி தூரத்தில் புடவையின் ஓரம் காய்ந்து விறைத்தது, செம்புத் தண்ணீரை அதில் ஊற்றினேன். சன்னல்களில் பிள்ளைகளின் முகங்கள் தெரிந்தன. பின்னால் எங்கள் காரின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டில் அந்தக் கறுப்புக் குடை நகராமல் நின்றது. பயமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அங்கேயே விழுந்துவிட்டால் "உன் நல்லதுக்குத்தான்" என்று மண்டிக்காரர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடுமே என்ற பயம்.

ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓடவில்லை. ஓடினால் உடம்பு சூடேறும் என்பது ஒரு காரணம். அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இன்னொரு காரணம்.

அறையில் என் பெஞ்சைச் சுற்றித் தண்ணீர் குளமாகத் தேங்கியது. மேற்பார்வைக்கு வந்திருந்த வாத்தியார், "இன்னாம்மா இது, தரையெல்லாம்?" என்று அதட்டினார். கையைப் பாவாடையில் துடைத்து, விடைத்தாளுக்காக நீட்டினேன். கடைசித் தாள் எழுதி முடிக்கிறவரை, ஒவ்வொரு பரீட்சைக்கும், அந்த மைதானத்தை நடந்தே கடந்தேன்.